வீட்டு ஆப்பிள் வினிகர்: எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது? மதுரை வெயிலில் போடுபவர்களுக்கு

"இங்க பாரு, மேல ஏதோ வெள்ளையாப் பூத்திருக்கு. கொட்டிரவா?"

எதிர்வீட்டு மதினி ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். ஐந்து வாரம் பொத்திப் பொத்திப் பாதுகாத்த ஜாடி. துணியை விலக்கிப் பார்த்தேன். மேலே வழவழப்பாக, பாலேடு மாதிரி ஒரே சீராகப் படர்ந்திருந்தது. மோந்து பார்த்தால் மூக்கில் சுருக்கென்று ஏறுகிற புளிப்பு. "கொட்டிராதீங்க மதினி, இதுதான் மதர், வினிகரை உண்டாக்குற பாக்டீரியாவோட ஏடு. இனிமேத்தான் உங்க வினிகரு நல்லா வரப்போகுது" என்று திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த தெருவில் இன்னொருவர் பச்சைப் பூசணத்தைக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை வடிகட்டிப் பாட்டிலில் அடைத்து வைத்திருந்தார். கொட்ட வேண்டியது அதுதான்.

நல்லதைக் கொட்டுவதும் கெட்டதை வைத்துக்கொள்வதும் அடையாளம் தெரியாததால் வருகிற வினை. ஆறு வருடமாக மதுரையில் ஆப்பிள் வினிகர் போடுகிறேன். ஒவ்வொரு பிழையையும் என் ஜாடியிலோ பக்கத்து வீட்டு ஜாடியிலோ பார்த்திருக்கிறேன். உங்கள் ஜாடியில் என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

வினிகர் என்பது ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வேலைகள். முதல் கட்டத்தில் ஈஸ்ட், ஆப்பிள் சாற்றின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இங்கே காற்று உள்ளே போகக் கூடாது. இரண்டாம் கட்டத்தில் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா அந்த ஆல்கஹாலைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து அசிட்டிக் அமிலமாக்குகிறது. இங்கே காற்று இல்லாவிட்டால் வேலையே நடக்காது. மூடவேண்டிய நேரத்தில் திறந்து வைப்பதும், திறக்கவேண்டிய நேரத்தில் இறுக மூடி வைப்பதும்தான் நான் பார்த்த பிழைகளில் பாதி. மீதிப் பாதி நம் ஊர் வெயில். அசிட்டோபாக்டருக்குப் பிடித்த சூடு 25 முதல் 30 டிகிரி. 35-ஐத் தாண்டினால் அது சோர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் மதுரையில் 38, 40 என்று வெயில் கொளுத்தும்போது மாடி அறையில் வைத்த ஜாடி என்ன பாடுபடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் அளவுகள் புரிய வேண்டும் அல்லவா. மூன்று கிலோ ஆப்பிளை நறுக்கி மிக்சியில் அடித்து, வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் சாறு கிடைக்கும். சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 110 கிராம் சர்க்கரை இயல்பாகவே உண்டு. அதோடு லிட்டருக்கு 30 கிராம் சீனி, கால் டீஸ்பூன் பேக்கரி ஈஸ்ட். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி, மூடியில் துளை போட்டு, மெடிக்கலில் வாங்கிய டிரிப் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் டம்ளரில் மூழ்க வைப்பேன். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. குமிழி நின்றதும், நம் ஊரில் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில், அடிவண்டலைக் கலக்காமல் பீங்கான் ஊறுகாய் ஜாடிக்கு மாற்றுவேன். கூடவே நான்கில் ஒரு பங்கு பழைய வினிகர், சூடு பண்ணாதது, மதர் உள்ளது. மேலே துணி கட்டி ஆறு வாரம்.

அந்த முதல் கட்டத்தோடு நிறுத்தினால் வைன்தானே என்று கேட்கிறார்கள். ஆமாம், ஏறக்குறைய அதுதான். ஆனால் நம் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். நான் எழுதுவது சமையலறை வினிகருக்கு. குமிழி நின்ற அன்றே பழைய வினிகரைச் சேர்த்துவிடுங்கள். அப்படிச் செய்தால் பூசணமும் கிட்டே வராது.

மூன்று நாளாச்சு, ஒரு குமிழிகூட வரலை

முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். துளையைச் சுற்றிக் கசிவு இருந்தால் வாயு அந்த வழியாகப் போய்விடும், குழாயில் குமிழி தெரியாது. பாட்டிலின் கழுத்தருகே காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய சரசரப்பு, சோடாவைத் திறந்து வைத்தது மாதிரி கேட்டால் வேலை நடக்கிறது. துளையைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டால் போதும்.

சத்தமும் இல்லை என்றால் ஈஸ்ட் செத்திருக்கலாம். கொதிக்கிற தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்திருப்பீர்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கு மேல் போகக் கூடாது. புது ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சீனியோடு கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே நுரை கட்டினால் உயிர் இருக்கிறது, ஊற்றலாம். நுரையே கட்டாத பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

ஆப்பிளுக்குப் பதிலாகக் கடையில் டப்பா ஜூஸ் வாங்கி ஊற்றியவர்கள் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 202 அல்லது 211 என்ற எண் இருந்தால் அது பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட். ஈஸ்ட் வளரக் கூடாது என்பதற்காகவே சேர்ப்பவை. அந்த ஜூஸில் எவ்வளவு ஈஸ்ட் போட்டாலும் வீண். குடித்துத் தீர்த்துவிட்டுப் பழத்தோடு வாருங்கள்.

தோலையும் நடுத்தண்டையும் மட்டும் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தால் குளோரின் தடுத்திருக்கலாம். கொதிக்க வைத்து, திறந்து வைத்து ஆற்றிய தண்ணீர்தான் பாதுகாப்பு.

நுரை பொங்கி வழியுது

பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பியதுதான் காரணம். கொஞ்சம் எடுத்து வேறு பாட்டிலில் ஊற்றுங்கள். குழாய்க்குள் கூழ் ஏறியிருந்தால் உடனே கழற்றிக் கழுவுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி மூடி பறக்கும்.

அழுகின முட்டை வாடை

பயப்பட வேண்டாம். ஈஸ்ட் சூட்டிலும் பட்டினியிலும் தவிக்கும்போது விடுகிற ஹைட்ரஜன் சல்பைடு அது. வெயிலில் வைத்த பாட்டிலிலும், சீனித் தண்ணீர் அதிகம், பழம் கொஞ்சம் என்று போட்டதிலும்தான் பெரும்பாலும் வரும். சீனியில் இனிப்பு இருக்கிறது, ஈஸ்ட்டுக்கு வேண்டிய சத்து இல்லை. பாட்டிலை நிழலுக்கு மாற்றுங்கள். சுத்தமான கரண்டியால் நன்றாகக் கலக்கி அந்த வாயுவை வெளியேற்றுங்கள். வைன் போடுகிறவர்கள் இப்படிக் காற்றடிக்கத் தயங்குவார்கள். நமக்கு எப்படியும் காற்று வேண்டிய பொருள் என்பதால் கவலையில்லை. இரண்டாம் கட்டத்துக்கு மாற்றும்போது மீதி வாடையும் போய்விடும்.

பழைய செம்புக் காசைப் போட்டால் வாடை போகும் என்று சொல்கிறார்கள். வாடை போவது உண்மைதான். ஆனால் புளிக்கப்போகிற பொருளில் செம்பைப் போட்டால் செம்பும் அதில் கரையும். பித்தளை, அலுமினியம், செம்பு மூன்றும் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். கண்ணாடி அல்லது பீங்கான்.

மேலே ஏதோ படர்ந்திருக்கு

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். ஜாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, காய்ந்த கரண்டிக் காம்பால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்.

காம்பு பட்டதும் நுங்குத் தோலைத் தொட்ட மாதிரி வழுக்கி, ஒரே துண்டாக அசைந்தால் அது மதர். பாக்டீரியா தனக்காகக் கட்டிக்கொள்ளும் செல்லுலோஸ் மெத்தை. முதலில் எண்ணெய்ப் படலம் மாதிரி மினுமினுக்கும். ஒரு வாரத்தில் புகை மூடியது போல மங்கும். அப்புறம் தடித்துப் பாலேடு ஆகும். அழுத்தினால் மூழ்கும், மூழ்கினாலும் மேலே புதிதாக ஒன்று படரும். ஓரம் பழுப்பாக, அடியில் நூல் நூலாகத் தொங்கினாலும் கெடுதல் இல்லை.

காம்பு பட்டதும் பொடிப் பொடியாக உடைந்து, காய்ந்த சாம்பல் மாதிரி ஒட்டினால், சுருக்கம் சுருக்கமாகக் கோலமாவு கொட்டிய மாதிரி இருந்தால், அது காட்டு ஈஸ்ட்களின் படலம். ஆளைக் கொல்லாது, ருசியைக் கெடுக்கும். புளிப்பு ஏறுவதற்கு முன் காற்றுப் படவிட்டதால் வந்தது. மேலாக வழித்து எடுத்துவிட்டு, மதர் உள்ள பழைய வினிகரைக் கூடுதலாக ஊற்றுங்கள். அமிலம் ஏறினால் இது ஒடுங்கும். இரண்டு தடவை எடுத்தும் திரும்ப வந்து, பழைய பாலாடைக்கட்டி வாடை அடித்தால் அந்தத் தொகுதியை விட்டுவிடலாம்.

பஞ்சு மாதிரி, வெல்வெட் மாதிரி மயிர் மயிராக எழும்பி, பச்சை, நீலம், கறுப்பு, ரோஸ் என்று ஏதாவது நிறம் தெரிந்தால் அது பூசணம். தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம். முழுவதையும் கொட்டுங்கள். மேலே தெரிவது அதன் பூ மட்டும்தான், வேர் உள்ளே இறங்கியிருக்கும். ஜாடியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். நம் வெயில் இந்த ஒரு விஷயத்தில் உபகாரம் செய்யும்.

பூசணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மிதக்கிற தோல் துண்டுகளிலிருந்து. தண்ணீர் மட்டத்துக்கு மேலே தலை நீட்டுகிற ஒவ்வொரு துண்டும் பூசணத்துக்குத் திண்ணை. துண்டுகள் மூழ்கியிருக்க, கழுவிய சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை மேலே கவிழ்த்து அமுக்கி வையுங்கள். நான் இப்போது துண்டுகளே போடுவதில்லை, சாறு மட்டும்தான்.

பழத்தைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். ஆவணி, புரட்டாசியில் காஷ்மீர், இமாசல் ஆப்பிள் லாரி லாரியாக வந்து இறங்கும்போது மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் அடிபட்ட பழம் மலிவாகக் கிடைக்கும். "அழுகுனத வெட்டிப் போட்டுட்டா சரியாப் போயிரும்க்கா, அள்ளிட்டுப் போங்க" என்பார்கள். அடிபட்ட பழம் வேறு, அழுகின பழம் வேறு. கீழே விழுந்து கன்றிப் பழுப்பான இடம் கெட்டியாகவே இருக்கும், மணமும் ஆப்பிள் மணமாகவே இருக்கும். அதை எடுக்கலாம். விரலால் அமுக்கினால் குழைந்து உள்ளே போய், மக்கிய வாடை வந்தால் அது நீலப் பூசணம் பிடித்த பழம். அந்தப் பூசணம் பாட்டுலின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. ஆப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர வரம்பு. சூடாக்கினாலும் முழுக்கப் போகாது. குழைந்த இடத்தை வெட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரிவதுதான் போகும். எனவே அந்தப் பழத்தை முழுதாகவே ஒதுக்குங்கள். பத்து ரூபாய் மிச்சத்துக்கு இதில் சமரசம் வேண்டாம்.

மாசம் ஒன்றாச்சு, புளிப்பே ஏறலை

மூக்கில் கள் மாதிரி வாடை, நாக்கில் லேசான கசப்பு, புளிப்பு மட்டும் இல்லை. இரண்டாம் கட்டம் தொடங்கவே இல்லை என்று அர்த்தம்.

வாய் குறுகின பாட்டிலில் வைத்திருக்கிறீர்களா? பாக்டீரியா வேலை செய்வது மேல்மட்டத்தில், காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில். ஒரே அளவு சாறு அகன்ற ஜாடியில் ஆறு வாரத்தில் முடிந்தால், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஆறு மாதம் ஆனாலும் முடியாது. அகன்ற ஜாடிக்கு மாற்றி, பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள். மூடிக்குப் பதில் துணி.

பழைய வினிகர் சேர்த்தீர்களா, அதில் உயிர் இருந்ததா? பளிச்சென்று கண்ணாடி மாதிரி தெளிந்த கடை வினிகரை ஊற்றியிருந்தால் புளிப்பு சேர்ந்திருக்கும், பாக்டீரியா சேர்ந்திருக்காது. லேபிளில் மதர் உள்ளது, சூடு பண்ணாதது என்று போட்டிருக்க வேண்டும். அடியில் கலங்கலாக ஏதாவது தெரிய வேண்டும்.

தினமும் திறந்து கலக்கிப் பார்க்கிறீர்களா? படலம் பிடிக்கத் தொடங்கும்போதெல்லாம் உடைத்து மூழ்கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஊறுகாய் ஜாடியைக் குலுக்கிவிடும் கை சும்மா இருக்காது, தெரியும். இதைக் குலுக்காதீர்கள்.

சீனியை அள்ளிப் போட்டீர்களா? லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு சதவீத ஆல்கஹால் தரும். சாற்றின் சர்க்கரையும் சீனியும் சேர்ந்து லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் போனால் ஆல்கஹால் 11, 12 சதவீதத்தைத் தொட்டுவிடும், அதில் அசிட்டோபாக்டர் திணறும். காய்ச்சி ஆற்றிய தண்ணீரும் பழைய வினிகரும் ஊற்றி நீர்க்கச் செய்தால் தொடங்கிவிடும். பழைய வினிகரும் சேர்ந்த பிறகு ஆறேழு சதவீதம்தான் அளவு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், சூடு. இரண்டாவது வருடம் பங்குனி கடைசியில் இரண்டு ஜாடியை மாடி அறைப் பரணில் ஏற்றி வைத்தேன். எறும்பு வராது, கை படாது என்று நினைத்தேன். ஆனி மாதம் இறக்கியபோது வைத்த மாதிரியே இருந்தது, ஏடு ஒன்றும் இல்லை. மீன் தொட்டிக்கு வாங்கும் தெர்மாமீட்டரை அதே பரணில் மறுநாள் மத்தியானம் வைத்துப் பார்த்தேன். 39 காட்டியது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அந்த இரண்டு ஜாடிகளையும் கீழே கொண்டுவந்து புதிதாக மதர் போட்டு ஆவணிக்குள் நல்ல வினிகராக எடுத்துவிட்டேன், அதனால் நீங்களும் அவசரப்பட்டுக் கொட்ட வேண்டாம்.

இப்போது நான் வைப்பது கீழ்வீட்டில், மாடிப்படிக்கு அடியில். சித்திரையில் மட்டும் ஒரு ஏற்பாடு. மானாமதுரை மண்பானை அகன்ற வாயுள்ளது ஒன்று. அடியில் ஒரு சாண் ஆற்று மணல், அதில் ஜாடியை உட்கார வைத்து, சுற்றிலும் மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலில் மட்டும் தண்ணீர் ஊற்றுவேன். குடிதண்ணீர்ப் பானை குளிர்கிற அதே கணக்கு. பானையின் உடம்பில் கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. நம் கோடை வறண்ட கோடை என்பதால் நன்றாக வேலை செய்கிறது, என் வீட்டில் நாலைந்து டிகிரி இறங்குகிறது. ஜாடி வாயில் கட்டிய துணி மட்டும் நனையக் கூடாது. நனைந்த துணி காற்றை விடாது. வினிகரை நேராக மண்பானையில் ஊற்றவும் கூடாது. பானை உறிஞ்சும், அமிலம் மண்ணைக் கரைக்கும்.

நெயில் பாலிஷ் வாடை

எத்தில் அசிட்டேட். ஆல்கஹாலும் அமிலமும் சேரும்போது கொஞ்சம் உண்டாவது இயல்பு, இரண்டாம் கட்டத்தின் நடுவில் ஒரு வாரம் இந்த வாடை வந்து போகும். போகாமல் தங்கினால் காற்றுப் போதவில்லை. துணி மடிப்பைக் குறையுங்கள். மதர் ஒரு அங்குலத்துக்கு மேல் தடித்து மூடியிருந்தால் மேல் அடுக்கை எடுத்துவிட்டு மெல்லிய ஒரு அடுக்கை மட்டும் விடுங்கள். ஆல்கஹால் தீர்ந்தால் வாடையும் தீரும்.

புளிக்குது, ஆனா போதுமான்னு தெரியலை

நாக்கை நம்பாதீர்கள். இரண்டு சதவீதமும் புளிக்கும், நான்கு சதவீதமும் புளிக்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி நொதிக்கவைத்துச் செய்யும் வினிகரில் அசிட்டிக் அமிலம் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும். வீட்டில் அளக்க முடியும். அதற்கு வேண்டியது மஞ்சளும் சுண்ணாம்பும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அதே வித்தைதான்.

வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, வாசனை கலக்காதது, இரண்டு ஸ்பூன் எடுத்து ஒரு பாட்டில் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி மூடி, ராத்திரி முழுக்கத் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவுதான் வேண்டும். சுண்ணாம்பு தண்ணீரில் ஓர் அளவுக்கு மேல் கரையாது என்பதால் அந்தத் தெளிவின் காரம் எப்போதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மெடிக்கலில் ஒரு மில்லி சிரிஞ்சும் பத்து மில்லி சிரிஞ்சும் வாங்குங்கள், ஊசி வேண்டாம்.

முதலில் கடை வினிகர். லேபிளில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். நான்கு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக் கிண்ணத்தில் அதில் ஒரு மில்லி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். சுண்ணாம்புத் தெளிவைப் பத்து மில்லி சிரிஞ்சில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்ணத்தை ஆட்டுங்கள். சொட்டு விழுந்த இடம் சிவந்து, ஆட்டியதும் மறுபடி மஞ்சளாகும். முடிவு நெருங்க நெருங்க அந்தச் சிவப்பு மறைய நேரம் எடுக்கும். ஆட்டியும் மறையாமல், கிண்ணம் முழுக்கச் செம்மண் நிறமாக நின்றால் நிறுத்துங்கள். நான்கு சதவீத வினிகருக்கு ஏறக்குறைய 15 மில்லி ஆகும். இனி அதே தெளிவை வைத்து உங்கள் வினிகரில் ஒரு மில்லியைச் சோதியுங்கள். 12 மில்லியில் சிவந்துவிட்டதா? நான்கை 12-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 3.2 சதவீதம். இன்னும் இரண்டு வாரம் விடலாம். சோதித்ததைக் குடிக்கக் கூடாது, சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறிக்கக் கூடாது. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்து காட்டுங்கள், அவர்களுக்கு இதைவிட நல்ல வேதியியல் பாடம் கிடைக்காது.

இரண்டு வாரம் கழித்தும் அதே 12 மில்லி நின்றால் ஆல்கஹால் தீர்ந்துவிட்டது, இதற்கு மேல் ஏறாது. ஆரம்பத்தில் சர்க்கரை போதவில்லை. தோலும் தண்டும் போட்டு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்று சொல்லும் முறையில் ஆல்கஹால் இரண்டு சதவீதத்தைக்கூட எட்டாது, வினிகரும் அப்படியே. தோல் போடுகிறவர்கள் லிட்டருக்கு 100 கிராம் போடுங்கள். குறைந்த புளிப்பு வினிகரை சாலடுக்கு, கறி ஊறவைக்கப் பயன்படுத்தலாம். வெளியே வைக்கும் ஊறுகாய்க்கு ஊற்றாதீர்கள், அங்கே அமிலம்தான் காவல்.

போன மாசம் நல்லா புளிச்சது, இப்ப சப்புன்னு ஆயிருச்சு

இது பலருக்குப் புரியாத பிழை. ஆல்கஹால் தீர்ந்த பிறகும் ஜாடியைத் திறந்தே வைத்திருந்தால், அதே பாக்டீரியா தான் செய்த அமிலத்தையே தின்னத் தொடங்கும். அசிட்டிக் அமிலம் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போய்விடும். நாள்பட நாள்பட நல்லது என்று ஊறுகாய்க்குச் சொல்வதை இதற்குச் சொல்ல முடியாது. சுண்ணாம்புச் சோதனையில் இரண்டு வாரம் அளவு ஏறாமல் நின்றால் அன்றே பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். ஏற்கனவே சப்பென்று ஆகியிருந்தால் அதைக் காப்பாற்ற வழியில்லை. புளிப்புக் குறைந்ததில் பூசணமும் சீக்கிரம் பிடிக்கும். செடிக்கும் ஊற்ற வேண்டாம், சாக்கடையில் விடுங்கள்.

பழ ஈ மொய்க்குது, உள்ளே புழு நெளியுது

பழ ஈக்கு இந்த வாடை என்றால் உயிர். கொசுவலை மாதிரி ஓட்டையுள்ள துணியில் புகுந்துவிடும். நெருக்கமாக நெய்த வேட்டித் துணியை இரண்டாக மடித்து, ரப்பர் பேண்டைவிட நூல் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளரில் கொஞ்சம் வினிகரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் வைத்தால் அதில் விழுந்து சாகும். உள்ளே முட்டையிட்டு வெள்ளைப் புழு மேல்மட்டத்தில் ஊர்ந்தால், அரிசி நொறுங்கல் அளவு, கண்ணுக்கு நன்றாகத் தெரியும், நான் கொட்டிவிடுவேன்.

இன்னொன்று உண்டு. ஜாடியின் ஓரத்தில் டார்ச் அடித்தால் நூல் நுனி மாதிரி, இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, நூற்றுக்கணக்கில் துடித்துக்கொண்டிருக்கும். வினிகர் நூற்புழு. மதரோடு கைமாறி வருவது. மனிதர்களுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் பார்த்த பிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள். வினிகரைக் காபி பில்டர் தாளில் வடித்து, பாட்டில்களைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, உள்ளே 65 டிகிரி வரும்வரை சூடாக்கி பத்து நிமிடம் வையுங்கள். அந்த மதரைத் தூக்கிப் போடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கலங்கலா இருக்கு, கறுத்திருச்சு

கலங்கல் பிழை இல்லை. ஆப்பிளை வேகவைத்துப் போட்டிருந்தால் பழத்திலுள்ள பெக்டின் என்ற பிசின் கரைந்து தெளியாமலே நிற்கும், அவ்வளவுதான். பச்சையாகப் பிழிந்த சாறு இரண்டு மாதத்தில் தானே தெளியும். கறுப்பு வேறு. துருப்பிடித்த மூடி, இரும்புக் கரண்டி, இவற்றின் இரும்பு பழத்தின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது. ருசியில் உலோகம் தெரிந்தால் வேண்டாம்.

மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் வந்துவிடுமோ என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே ஒரு வரி. ஆப்பிளின் பெக்டினிலிருந்து மிகச் சிறிதளவு உண்டாகும், பழச்சாற்றிலும் அது இருக்கிறது. நாம் காய்ச்சி வடிப்பதில்லை என்பதால் அது எங்கும் சேர்ந்து கூடுவதில்லை.

பாட்டிலில் அடைத்த பிறகு மூடி உப்புது

முதல் கட்டம் முடிவதற்குள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். மிச்சச் சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள் தின்று வாயு விடுகிறது. கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால் வெடிக்கும், இதில் அலட்சியம் கூடாது. பாட்டிலின் மேல் கனத்த துண்டைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு திருகி வாயுவை விடுங்கள். மறுபடி ஜாடிக்கே ஊற்றித் துணி கட்டிவிடுங்கள். அடுத்த தடவை அடைக்கும்போது முதலில் ஒரே ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் அடைத்து மூன்று நாள் வெளியே வையுங்கள். பாட்டில் கல் மாதிரி விறைத்தால் இன்னும் வாயு வருகிறது. அமுக்கினால் முன்போலவே நெகிழ்ந்தால் மற்றதையும் அடைக்கலாம். மூடி தகரமாக இருக்கக் கூடாது, அமிலம் ஒரே மாதத்தில் அரித்துவிடும். அடைத்த பாட்டிலின் கழுத்தில் சில வாரம் கழித்து மெல்லிய மதர் துண்டு மிதந்தால் அதை எடுத்து, கொஞ்சம் வினிகரோடு சின்னப் பாட்டிலில் போட்டுத் தனியே வையுங்கள். அடுத்த ஆவணியில் ஆப்பிள் இறங்கும்போது அதுதான் விதை.